இந்தியன் ஓஷன்

இந்தியன் ஓஷன், டெல்லியில் 1990இல் உருவான ராக் இசைக்குழு. கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும் தபலா வாசித்துப் பாடிய அஷீம் சக்ரவர்த்தியும் இதன் நிறுவனர்கள். பேஸ் கிதார் கலைஞர் ராகுல் ராம், டிரம்ஸ் கலைஞர் அமித் கிலாம் ஆகியோர் பின்னர் இணைந்தனர்.

முதல் தொகுப்பு 1993இல் வெளியானது. ஆங்கிலப் பாடல்களைப் படியெடுத்துப் பாடுவதே ராக் என்றிருந்த கல்லூரி மேடைகளில், இவர்கள் இந்துஸ்தானி ராகத்தையும் நாட்டுப்பாடலையும் மின்கிதாரோடு இணைத்தார்கள். 2000இல் வந்த ‘கந்தீசா’ இவர்களுடைய ஆகச் சிறந்த படைப்பு. அதன் தலைப்புப் பாடல் கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் அரமேய மொழி வழிபாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதே தொகுப்பிலுள்ள ‘மா ரேவா’ நர்மதைக் கரையின் நாட்டுப்பாடல். அதைக் குழுவுக்குக் கொண்டுவந்த ராகுல் ராம், நர்மதா பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றியவர்.

அனுராக் காஷ்யப்பின் ‘பிளாக் ஃபிரைடே’ திரைப்பட இசை, குழுவைப் பரந்த ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது.

2009 டிசம்பரில் அஷீம் மறைந்தார். அவர் குரல் இடம்பெற்ற ‘16/330 கஜூர் ரோடு’ தொகுப்பு 2010இல் வெளிவந்தது. டெல்லியின் கரோல் பாக்கில் குழு பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரி அது. இசை நிறுவனத்தை நம்பியிராமல், இத்தொகுப்பின் பாடல்களை ஒவ்வொன்றாக இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டார்கள். இந்தியச் சுயாதீன இசை வரலாற்றில் அது துணிச்சலான முன்னோடி முயற்சி.

சுஷ்மித் சென் 2013இல் விலகினார். ‘மசான்’ (2015) படத்துக்கு இசையமைத்த இக்குழு, 2023இல் ‘து ஹை’ தொகுப்பை வெளியிட்டது.