மரபுவழி வில்லின் அமைப்பும் பிடியும்

மரபுவழி வில்லின் எய்திறன் அதன் விசையை மட்டும் சார்ந்ததன்று. நாண் விடுபடும் கணத்தில் வில் கையில் திரும்பாமல் நிற்பதும் குறி தப்பாமைக்கு இன்றியமையாதது. இந்நிலைத்தன்மையில் வில்லின் நீளம், கைப்பிடியின் பருமன், பிடிக்கும் முறை ஆகிய மூன்றுக்கும் பங்குண்டு.

தமிழகத்தில் வில்

சேரர் வில்லைத் தம் சின்னமாகக் கொண்டிருந்தனர். சங்ககாலச் சேரர் காசுகளில் வில்லும் அம்பும் காணப்படுகின்றன. நாண் உரசாதிருக்க வில்லாளர் முன்கையில் கட்டிய தோற்காப்பு ‘கோதை’ எனப்பட்டது. விருதுநகர் மாவட்டத்திலுள்ள திருவில்லிபுத்தூர், வில்லி என்னும் வேடர் தலைவனின் பெயரால் அமைந்தது. மல்லி என்னும் அரசியின் மக்களான வில்லியும் கண்டனும் வேட்டைக்குச் சென்றதாகவும், கண்டன் புலியால் மாண்டபின் வில்லி காட்டைத் திருத்தி ஊர் அமைத்ததாகவும் தலவரலாறு கூறுகிறது. புலியை எதிர்கொள்ளும் வேடனுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு அம்பு எய்யவே நேரம் இருக்கும். கை சற்றுத் திரும்பினாலும் உயிருக்கு ஆபத்து.

அமைப்பும் பிடியும்

மூங்கில் அல்லது மரத்தின் ஒரே துண்டால் ஆன நீள்வில், தன் நீளத்தால் எளிதில் திரும்பாது. முழுதும் இழுக்கும்போது நாண் விரல்களை அதிகம் நெருக்குவதுமில்லை. கொம்பு, மரம், விலங்கின் தசைநார் ஆகியவற்றை ஒட்டிச் செய்யும் கூட்டுவில் குட்டையானது. குதிரை வீரனுக்கு அது ஏற்றது, விசையும் மிகுதி. ஆனால் பிடியில் நேரும் சிறு பிழையும் அம்பின் போக்கை மாற்றிவிடும்.

மரபுவில்லின் நடுவில் அம்புக்கான வெட்டு இல்லை. அம்பு கைப்பிடியின் பக்கவாட்டில், பெரும்பாலும் கைம்முட்டியின் மேல் அமர்கிறது. எனவே கைப்பிடி பருத்தால் அம்பு நடுக்கோட்டிலிருந்து விலகும். கை மேலோ கீழோ நகர்ந்தால் அம்பின் உயரம் மாறும். இறுகப் பிடித்தால் வில் முறுகும். பெருவிரலின் அடிச்சதையில் வில்லைத் தாங்கி, மற்ற விரல்களைத் தளர்த்துவதே நல்ல பிடி.

சேற்றில் தோற்ற வில்

ஆள் உயரமுள்ள வில்லைத் தரையில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி இந்தியக் காலாட்படையினர் எய்ததாக அரியன் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். அந்த அம்பைக் கேடயமும் தடுக்கவில்லை என்கிறார் அவர். இம்முறையில் நிலமே பிடியின் ஒரு பகுதியாகிறது. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸின் படை அலெக்சாண்டரை எதிர்த்தபோது தரை மழையால் வழுக்கியது. வில்லை ஊன்ற முடியாமல் வில்லாளர் தடுமாறியதாக ரோமானிய ஆசிரியர் கர்ட்டியஸ் குறிப்பிடுகிறார். வலிய வில் இருந்தும் ஊன்றுதளம் இல்லாததால் அது பயன்படவில்லை.

வெடிமருந்துக்குப் பின்

துப்பாக்கிக் காலத்திலும் வில் உடனே மறைந்துவிடவில்லை. 1802இல் தலக்கல் சந்து தலைமையில் வயநாட்டுக் குறிச்சியர் வில்லும் அம்பும் கொண்டு பனமரத்திலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். எனினும் துப்பாக்கி வீரனைக் குறுகிய காலத்தில் பழக்கலாம். நல்ல வில்லாளியாகப் பல ஆண்டுகள் தேவை. படைகளில் வில் மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வில்லியின் ஊருக்கு அருகிலுள்ள சிவகாசியே இன்று வெடிமருந்தால் வாழ்கிறது.

வில் இப்போது விளையாட்டாக நிலைத்துள்ளது. இக்கால வில்லின் கைப்பிடியில் அம்பு நடுக்கோட்டில் செல்ல வெட்டு உண்டு. வீரர்கள் வில்லை இறுகப் பற்றாமல், விரல்களில் மாட்டிய சிறு கயிற்றால் அது விழாமல் காக்கின்றனர். கருவி மாறினாலும், வில்லை இறுக்கக் கூடாது என்ற பழைய விதி மாறவில்லை.