சப்பிரகமுவத் தோட்டப் பள்ளியாசிரியரும் நிரந்தர நியமனமும்

நிரந்தர நியமனம் வேண்டி விண்ணப்பிக்கும் ஆசிரியர் தம் கல்வித் தகைமையையும் கற்பித்த காலத்தையும் காட்டினாற் போதும் என்பதே பொதுவான எண்ணம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றை ஆராயுமிடத்து, அவ்விரண்டுக்கும் முன்னதாக ஆசிரியர் இந்நாட்டவர்தாமோ என்ற வினாவும் எழுந்தமை புலனாகும்.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார்மேற் சுமத்திற்று. பள்ளி என்பது பெரும்பாலும் ஓர் அறை, ஆசிரியரும் ஒருவரே. நியமிப்பவரும் விலக்குபவரும் துரையே யாதலின், நிரந்தரம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சப்பிரகமுவவில் இந்நிலை மேலும் இடர்மிக்கது. நுவரெலியாவிற்போல் தோட்டங்கள் தொடர்ந்து கிடவாது, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை ஆகிய பகுதிகளில் இறப்பரும் தேயிலையுமாகச் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்தன. பிள்ளைத்தொகை குறைந்தால் ஆசிரியரின் பிழைப்பும் ஆட்டங்காணும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிப்போர், 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது இங்கு வதிந்தமையை நிறுவவேண்டும். விண்ணப்பக் கெடு 1951 ஆகஸ்டு 5. லயத்திற் பிறந்தவருக்குப் பிறப்புப் பதிவு ஏது? செக்றோலிற் பெயர் இருப்பினும், தோட்டம் விட்டுத் தோட்டம் சென்றவருக்கு அதுவும் துண்டு துண்டாகவே கிடைக்கும். சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரவரே. ஆசிரியருக்கென விலக்கு எதுவும் இருந்ததன்று. பிறருக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் எழுத்தறிவு அவரிடம் இருந்தது. தமக்கு வேண்டிய பத்திரம் அவருக்கும் அரிதே.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதற் பள்ளிகளையும் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. துரையின் விருப்பத்தைச் சார்ந்திருந்த உத்தியோகம் அரசாங்க உத்தியோகமாயிற்று. வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயின், அரசாங்க உத்தியோகத்துக்குக் குடியுரிமை இன்றியமையாதது. பல்லாண்டு கற்பித்தவரேனும் நாடற்றவராயின் அவ்வாயில் அடைபட்டதே. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை குடும்பங்களையே இரு நாட்டுக்குமாகப் பங்கிட்டிருந்தது. இச்சிக்கல் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களாலேயே பெரும்பாலும் தீர்ந்தது.

1994இல் இலங்கை ஆசிரியர் சேவை நிறுவப்பட்டபின், தகைமையும் பயிற்சியும் முதன்மை பெற்றன. 2015இல் மலையகப் பள்ளிகளுக்கு ஆசிரியர் உதவியாளர் நியமிக்கப்பட்டனர். முதலில் மாதம் 6,000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவும் கொடுப்பனவாகப் பெற்ற இவர்கள், பயிற்சியை முடித்த பின்னரே சேவையில் உள்வாங்கப்படுவர் என்பது நிபந்தனை. அவர்தம் பாட்டனார் தேடியது தாம் இந்நாட்டில் வாழ்ந்தமைக்கான பத்திரம். இவர்கள் கோவையிற் சேர்த்தது ஆசிரியர் கலாசாலையின் பயிற்சிச் சான்றிதழ்.