சடக்குக்கு இந்தப் பக்கம்

ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஏடிவி வாடகைக்கு விடுகிறார்கள். நாலு தடித்த டயர், மோட்டர் சைக்கிள் மாதிரி கைப்பிடி, சேற்றிலேயே பாயும் வண்டி. நண்பர்களோடு போயிருந்தேன். மண்பாதை சடக்கைத் தொடும் இடத்தில் வழிகாட்டி கைகாட்டி நிறுத்தினார். "அதோட சரி தம்பி. அந்தப் பக்கம் போனா வண்டியையே புடிச்சிருவாங்க."

தாத்தா ஞாபகம் வந்தது. அவரும் இப்படியொரு கேட்டுக்கு உள்ளேயே ஓட்டியவர்.

மலாக்காவின் ரப்பர் தோட்டக் கதை 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் நட்ட மரங்களோடு தொடங்குகிறது. பிறகு புக்கிட் அசஹான். காட்டை வெட்டிய கையோடு தோட்டங்கள் தங்களுக்கென்று பாதைகளும் போட்டுக்கொண்டன. முதலில் மாட்டுவண்டி, பின்னால் டிரக்டர். பாதை கம்பெனியின் சொத்து.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், 'சாலை' எது என்று வரையறுக்கும் இடத்திலேயே, தனியார் பராமரிக்கும் தனிப்பாதையை விலக்கிவிடுகிறது. (எந்த ஆவணத்திலும் வரையறைப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். வேலையில் பட்ட அனுபவம்.) சடக்கில் ஓட்ட லைசென்ஸ் வேண்டும், வண்டிக்குப் பதிவும் ரோட்டெக்ஸும் வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதிகூட 'சாலையில்' நேரும் காயத்துக்குத்தான் கட்டாயம். டிரக்டர் பெட்டியில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போன தோட்டத்துப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குள்ளே பெட்டி கவிழ்ந்திருந்தால் கம்பெனியோடு மல்லுக்கட்டுவதைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

தாத்தா 22 வருடம் டிரக்டர் ஓட்டினார். லைசென்ஸ் கிடையாது. யாரும் கேட்டதுமில்லை. தோட்டத்துக்கும் அது வசதிதான் என்பது என் ஊகம். வெளியே ஓட்ட முடியாதவர் வேறு எங்கே போய்விடுவார்? தொண்ணூறுகளின் கடைசியில் தோட்டம் வீட்டுமனையானது. நட்டஈட்டோடு டவுனுக்கு வந்து லாரி வேலை கேட்டார். "லைசென்ஸ் எங்க?" என்றார்கள். ஐம்பது வயதில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதக் கூச்சம். ஒரு தாமானில் ஜாகா வேலைக்குப் போனார். அடுத்தவர் கார்களுக்குக் கேட் திறந்துவிடும் வேலை.

அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா போன்ற மாநிலங்களில் விளக்கு, கண்ணாடி, ஹாரன் பொருத்தி நம்பர் பிளேட் வாங்கினால் ஏடிவி பல பொதுச் சாலைகளில் ஓடலாம். இங்கே ஓட முடியாது. மின் ஸ்கூட்டர்களைக்கூட 2021 விதிகள் சாலையிலிருந்து விலக்கிவிட்டன. ஏடிவி விஷயத்தில் நான் தடையின் பக்கம்தான். காற்றழுத்தம் குறைந்த அந்த டயர் மண்ணுக்கானது, தாரில் சரியாகப் பிடிக்காது. பல வண்டிகளில் பின் அச்சு ஒரே தண்டு என்பதால் வேகமாகத் திருப்பினால் புரளும். வண்டியைச் சடக்கில் ஏறவிடாத சட்டம் சரி. அதே சட்டம் ஏன் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, ஓட்டுகிறவனுக்கு ஒரு லைசென்ஸ் எடுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் வீடியோவைக் காட்டினேன்.

"இதுக்கு லைசென்ஸ் கேட்டாங்களா?"

"இல்ல தாத்தா. உள்ளுக்குள்ளதான ஓட்டுறோம்."

சிரித்தார். வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.