அருவியின்மேல் எழுந்த வீடு

அழகிய அருவியொன்று தமது காட்டினுள்ளே வாய்க்கப்பெற்றவர், அதற்கு எதிர்ப்புறத்திலே வீடு கட்டி, யன்னலைத் திறந்ததும் நீர்வீழ்ச்சி கண்ணுக்குத் தெரியும்படி அமைத்துக்கொள்ள விரும்புவார். அது இயல்பு. 1934ஆம் ஆண்டின் இறுதியிலே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிற்ஸ்பேர்க் நகரத்துப் பெருவணிகரான எட்கார் கவுப்மன் எதிர்பார்த்ததும் அதுவே. அவருக்குக் கிடைத்ததோ வேறு. அருவியைக் காட்டும் வீடு அவருக்கு வரைந்து கொடுக்கப்படவில்லை. அருவியின் தலைமேலேயே வீடு வரைந்து கொடுக்கப்பட்டது. உள்ளே அமர்ந்திருப்பவர் அருவியைக் காண முடியாது. அதன் ஓசை மட்டும் இரவும் பகலும் அவர் செவியை விட்டு நீங்காது.

வரைந்தவர் பிராங்க் லொயிட் றைற். 1867இல் விஸ்கொன்சின் மாநிலத்திற் பிறந்து, கோடைதோறும் தாயின் உறவினர் பண்ணையிலே உழைத்து வளர்ந்தவர் அவர். சிக்காகோவில் லூயி சலிவன் என்னும் மூத்த கட்டடக்கலைஞரிடம் பயின்று, 1893இல் தனியே தொழில் தொடங்கினார். பரந்த புல்வெளி நாட்டுக்குப் பொருந்தும்படி, தாழ்ந்த கூரையும் அகன்ற இறவாரமும் கொண்டு, நிலத்தோடு நிலமாகப் படிந்து கிடக்கும் வீடுகளைக் கட்டிப் புகழ் பெற்றார். பின்னர் குடும்பத் துயரும், தீயும், கடனும், நாட்டைப் பிடித்த பொருளாதார மந்தமும் அவரை ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. 1932இல் நியூயோர்க் நவீனக் கலைக் காட்சிச்சாலையிலே புதிய கட்டடக்கலை பற்றிய கண்காட்சி நடந்தபோது, அறுபத்தைந்து வயதை நெருங்கியிருந்த அவரைக் காலங்கடந்த முன்னோடியாகவே பலர் மதித்தனர். கட்டிக்கொடுக்கக் கட்டடம் இல்லாத அந்தக் காலத்தில், தலியெசின் என்னும் தமது இல்லத்தையே கல்விக்கூடமாக்கி, மாணாக்கரைச் சேர்த்துத் தொழில் கற்பிக்கத் தொடங்கினார்.

தமது கலைக்கு அவர் வழங்கிய பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் பெயர்த்தால் 'உயிர்ப்பொருட் கட்டடக்கலை' என்று வரும், பொருள் விளங்காது. அவர் கருத்து இதுதான்: உடலில் உறுப்புகள் எவ்வாறு ஒன்றற்கொன்று உரியனவாய் இருக்கின்றனவோ, அவ்வாறே கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியும் முழுமைக்கும், முழுமை அது நிற்கும் நிலத்துக்கும் உரியதாய் இருத்தல் வேண்டும். வீடு மலையின்மேல் வைக்கப்பட்ட பெட்டியன்று. மலையின் ஒரு பகுதி. கல்லைக் கல்லாகவும், மரத்தை மரமாகவும், கொங்கிறீற்றைக் கொங்கிறீற்றாகவும் அதனதன் குணமறிந்து வழங்குதல் வேண்டும். இலையும் கொடியும் செதுக்கி ஒட்டுவது இயற்கையோடு இயைவதாகாது என்பதை அவர் அலுக்காமற் சொல்லிவந்தார். இந்தக் கொள்கைக்கு உலகம் எடுத்துக்காட்டும் முதற் சான்று, கவுப்மனுக்காக அவர் கட்டிய இவ்வீடே. அதே கொள்கையின் ஒரு பாதியை அது எத்துணைக் கடுமையாகச் சோதித்தது என்பதே இவ்வீட்டின் வரலாறு.

கவுப்மனின் மகன் 1934இல் றைற்றிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். மகனைக் காணச் சென்ற பெற்றோர் ஆசிரியரோடும் நட்புப் பூண்டனர். அவ்வாண்டு டிசெம்பரிலே றைற், பென்சில்வேனியா மாநிலத்தின் தென்மேற்கு மலைப்பகுதியிலுள்ள அவர்களது காட்டுக்கு வந்தார். பெயார் றன், அதாவது கரடியோடை, என்பது அங்கு ஓடும் சிற்றாற்றின் பெயர். முன்னர் கவுப்மன் கடையின் ஊழியர்கள் விடுமுறை கழிக்கும் முகாமாக அவ்விடம் இருந்தது. அருவிக்கு அருகிலிருந்த பெரும் பாறையொன்றிற் படுத்து வெயில் காய்வது குடும்பத்தாரின் வழக்கம். றைற் அதிகம் பேசவில்லை. நிலத்தின் வரைபடம் ஒன்றை, பெரிய பாறைகளும் மரங்களும் தனித்தனியே குறிக்கப்பட்டதாக, எடுத்து அனுப்பும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

வரைபடம் வந்தும் மாதங்கள் கழிந்தன. தாளில் ஒரு கோடும் விழவில்லை. 1935 செப்டெம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், அயலூருக்கு வந்திருந்த கவுப்மன் தொலைபேசியிலே அழைத்து, வரைபுகளைப் பார்க்கப் புறப்பட்டு வருவதாக அறிவித்தார். றைற் மேசைக்குச் சென்று அமர்ந்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், கவுப்மனின் வண்டி வந்து சேர்வதற்குள், வீடு முழுவதும் தாளில் இறங்கிவிட்டது என்று உடனிருந்த மாணாக்கர் பிற்காலத்திற் கூறினர். வீடு அருவியின்மேல் இருந்தது. அருவியைப் பார்த்துக்கொண்டிருப்பது போதாது, அதனோடு வாழ்தல் வேண்டும் என்பது வரைந்தவர் தந்த விளக்கம். கவுப்மன் மறுக்கவில்லை. இத்தகைய வீட்டுக்காரர் கிடைப்பதும் கலைஞனுக்கு ஒரு பேறுதான்.

1936இல் வேலை தொடங்கியது. பக்கத்திலேயே மணற்கல் வெட்டி எடுக்கப்பட்டது. காட்டுப் பாறை எவ்வாறு அடுக்கடுக்காய்ப் பிளந்து முன்னும் பின்னுமாய் நீண்டு கிடந்ததோ, அவ்வாறே சுவர்க்கற்களும் ஒழுங்கு பிசகி அடுக்கப்பட்டன. அந்தக் கற்சுவர்களிலிருந்து கொங்கிறீற் மேடைகள், கீழே தூணின்றி, ஓடையின்மேல் ஏறக்குறைய 15 அடி தூரம் அந்தரத்தில் நீண்டன. மரத்தின் அடி ஓரிடத்தில் ஊன்றி நிற்க, கிளை வெளியே நீள்வதுபோன்ற அமைப்பு அது. வீட்டு முன்றிலில் நின்ற மரத்தை வெட்டாமல், அதைச் சுற்றி உத்தரம் வளைத்து வார்க்கப்பட்டது. கல்லும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்திற் சட்டம் வைக்காமல், கல்லிலே கீறிய பள்ளத்துக்குள் கண்ணாடியை நேரே பொருத்தினர். வரவேற்பறைத் தரையிலே கண்ணாடிக் கதவொன்று உண்டு. அதைத் திறந்து படிகளில் இறங்கினால் ஓடும் நீரிற் கால் நனைக்கலாம். வெயில் காய்ந்த அந்தப் பாறையோ அகற்றப்படவில்லை. அதன்மேலேயே கணப்படுப்பு அமைந்தது. பாறையின் உச்சியைத் தரைமட்டத்துக்குச் செதுக்கிவிட றைற் எண்ணியிருந்தார். இருந்தபடியே இருக்கட்டும் என்று கேட்டவர் கவுப்மன். தரைக்கற்களுக்கு மெழுகிட்டு நீர்போற் பளபளக்கச் செய்து, பாறையை மட்டும் மெழுகிடாமல் விட்டனர். ஆற்றிடைக் குறைபோல அது இன்றும் அறையின் நடுவே தலை தூக்கி நிற்கிறது. குருவைவிடக் கொள்கையை நன்கு கடைப்பிடித்தவர் இந்த ஓரிடத்திலே வணிகர்தான் என்று சொல்லுதல் தவறாகாது. கொங்கிறீற் மேடைகளுக்குப் பொற்றகடு பூசலாம் என்றுகூட றைற் ஒரு கட்டத்தில் எண்ணினார். நல்லவேளையாக அது நடைபெறவில்லை.

பிணக்கு வந்தது மேடைகளாலே. கவுப்மன் வரைபுகளைப் பிற்ஸ்பேர்க் பொறியியலாளர் சிலரிடம் காட்டினார். அவர்கள் ஐயங்களை அடுக்கி அறிக்கை எழுதினர். அவ்வறிக்கை வீட்டுச் சுவரொன்றினுள்ளே புதைக்கப்பட்டதாக ஒரு கதை உண்டு. அத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. முதற்தளத்து உத்தரங்களுக்கு றைற் குறித்திருந்த உருக்குக் கம்பியின் அளவை, அவருக்கு அறிவியாமலே, ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டனர். செய்தி எட்டியதும் றைற் வெகுண்டெழுந்தார். வேலைத்தலத்தில் இருந்த தம் மாணாக்கரைத் திருப்பி அழைத்தார். நம்பிக்கை இல்லையாயின் வரைபுகளைத் திருப்பி அனுப்பும்படி கவுப்மனுக்கு எழுதினார். கூடுதற் கம்பி கூடுதற் சுமையே என்பது அவர் வாதம். கவுப்மன் சமாதானம் கூறிப் பிணக்கைத் தீர்த்துக்கொண்டார். கம்பியோ கொங்கிறீற்றினுள் இருந்தபடியே இருந்தது.

இக்கட்டத்தில் நேயர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். பொறியியலாளர் சொல்லை றைற் தள்ளியது வெறும் செருக்கினால் மட்டுமன்று. டோக்கியோ நகரிலே அவர் கட்டிய இம்பீரியல் விடுதியின் தளங்களும், பணியாள் உள்ளங்கையில் ஏந்திய தட்டம் போல, நடுவிலே தாங்கப்பட்டவை. அவ்விடுதியின் திறப்பு விழா நாளான 1923 செப்டெம்பர் 1ஆந் திகதி பெரும் பூகம்பம் வந்து நகரைச் சிதைத்தது. விடுதி சேதமுற்றும் நின்றது. அந்த நாள் அவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் போதிய துணிவைக் கொடுத்துவிட்டது. ஆயினும் அவ்விடுதியும் தன் அடியிலிருந்த சேற்று நிலத்திற் சிறிது சிறிதாகச் சமமின்றி அமிழ்ந்து, 1968இல் இடிக்கப்பட்டது. ஒருநாள் அதிர்ச்சியைத் தாங்குவது ஒன்று. ஓயாத சுமையைத் தாங்குவது வேறு.

கரடியோடையில் அந்த இரண்டாவது சோதனை முதல்நாளே தொடங்கிற்று. வார்ப்புப் பலகைகளைக் கழற்றியதும் முதன்மையான மேடை ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம் தாழ்ந்தது. இத்தகைய தளத்தை வார்க்கும்போது, பின்னர் தாழப்போகும் அளவுக்கு முனையைச் சற்று உயர்த்திப் பலகை அடிப்பது வழக்கம். இங்கு அது செய்யப்படவில்லை. மேல்மாடி மேடையின் கைப்பிடிச் சுவரிலே வெடிப்புகள் தோன்றின. கவுப்மன் அமைதியான மனிதர். வெடிப்புகளை அடைப்பித்தார். பின்னர் மேடைகளின் மட்டத்தை அவ்வப்போது அளப்பித்துக் குறித்து வைத்தார். 1955இல் தாம் இறக்கும்வரை அவர் இதை விடவில்லை. கூரை ஒழுகியது, ஈரத்தாற் பூஞ்சணம் படர்ந்தது. மழை நாளில் எத்தனை வாளி வைக்கவேண்டும் என்ற கணக்கினால் அதை 'ஏழு வாளி வீடு' என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவர். ஆயினும் வீட்டின்மீது அவர் கொண்ட அன்பு குறையவில்லை.

உலகமும் அன்பு குறையாமல் வந்து பார்த்தது. 1938 சனவரியில் 'ரைம்' சஞ்சிகை றைற்றின் படத்தை, பின்னணியில் இவ்வீட்டின் வரைபோடு, அட்டையில் வெளியிட்டது. முன்னர் அவரை ஓரத்தில் வைத்த அதே நியூயோர்க் காட்சிச்சாலை, இவ்வொரு வீட்டுக்கெனவே கண்காட்சி வைத்தது. 1939இல் இலண்டனுக்கு அழைக்கப்பட்டுத் தம் கொள்கை பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். எழுபதாவது வயதில் அவருடைய இரண்டாவது தொழில்வாழ்வு தொடங்கிற்று. 1959இல் இறக்கும்வரை அது ஓயவில்லை. வீடு 1963இல் மேற்குப் பென்சில்வேனியா இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்திடம் மகனால் ஒப்படைக்கப்பட்டு, மறு ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

வந்து வியந்தோர் வியந்துகொண்டிருக்க, மேடை தாழ்ந்துகொண்டே இருந்தது. கொங்கிறீற் உறைந்து கல்லான பின்னரும், ஓயாத சுமையின் கீழ் மிக மெதுவாக நெகிழ்ந்து கொடுக்கும். ஆண்டு முழுவதிலும் அது கண்ணுக்குத் தெரியாத அளவே. ஆனால் அறுபது ஆண்டுகளில் மேடையின் முனை ஏறக்குறைய ஏழு அங்குலம் தாழ்ந்திருந்தது. 1990களில் கணக்கிட்டுப் பார்த்த பொறியியலாளர் ரொபர்ட் சில்மன் குழுவினர், தாழ்வு நிற்கவில்லை என்று கண்டனர். மேல்மாடி மேடை தன்னைத் தானே தாங்க இயலாமல், யன்னற் சட்டங்களின் உருக்குக் கால்கள் வழியே தன் சுமையைக் கீழ்மேடையின்மேல் இறக்கியிருந்தது என்பதும் வெளிப்பட்டது. 1936இல் இரகசியமாக இடப்பட்ட அந்தக் கூடுதற் கம்பியும்கூடப் போதுமானதாக இருக்கவில்லை. அதுவும் இல்லாதிருந்தால் மேடை நின்றிருக்குமா என்பதே ஐயம். கல்லின் குணத்தையும் நீரின் ஓசையையும் மரத்தின் வளைவையும் கேட்டறிந்த அதே மனிதர், சுமையும் இயற்கையின் ஓர் உறுப்பே என்று அவர்கள் சொன்னபோது செவி கொடுக்கவில்லை.

1997இல் ஓடைப் படுகையிலே உருக்குத் தூண்களை ஊன்றி மேடைக்கு முட்டுக் கொடுத்தனர். ஐந்தாண்டுகள், தூணே இல்லாத வீடு என்று பேர் பெற்ற வீடு, தூண்களின்மேல் நின்றது. 2002இல் பழுதுபார்ப்பு நடந்தது. வரவேற்பறைத் தரைக்கற்களுக்கு ஒவ்வொன்றாக இலக்கமிட்டுப் பெயர்த்தெடுத்தனர். கீழே இருந்த பெரிய உத்தரங்களின் இருமருங்கிலும் வலிய உருக்கு வடங்களை ஓட்டி, நீரழுத்தப் பொறிகளால் அவற்றை இழுத்து இறுக்கினர். வடங்கள் இறுகியபோது மேடை அரை அங்குல அளவே மேலெழுந்தது. அதற்குமேல் தூக்க அவர்கள் முயலவில்லை. கல்லும் கண்ணாடியும் சட்டமும் இத்தனை ஆண்டுகளில் அந்தச் சரிவுக்கு இணங்கிப் போயிருந்தன. நிமிர்த்தினால் அவை உடைந்திருக்கும்.

தரைக்கற்கள் இலக்கப்படி திரும்பவும் பதிக்கப்பட்டன. ஓடையிலிருந்த தூண்கள் அகற்றப்பட்டன. 2019இல் றைற் கட்டிய எட்டுக் கட்டடங்களை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது இவ்வீடும் அவற்றுள் ஒன்றாயிற்று. மேடையின் கைப்பிடிச் சுவரைப் பக்கவாட்டிலிருந்து கூர்ந்து நோக்குவோருக்கு, அது ஓடையை நோக்கிச் சற்றே தலை தாழ்த்தியிருப்பது இன்றும் தெரியும்.