நிறம் தின்னும் பூஞ்சை

1856இல், லண்டனில், 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கான குயினைனை ஆய்வுக்கூடத்தில் செய்யப் பார்த்தார். கிடைத்தது ஊதாச் சாயம். அன்றிலிருந்து வெயிலுக்கும் சோப்புக்கும் மங்காத நிறம்தான் சாய வேதியியலின் பெருமை. அந்தப் பெருமைதான் தொல்லையும்: ஆற்றில் விட்டாலும் மங்காதே.

பூஞ்சையின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1883இல் யோஷிதா, அரக்கு மரப்பாலைக் கறுத்து இறுக வைக்கும் நொதியைக் கவனித்தார். பிரான்ஸின் பெர்ட்ராண்ட் அதற்கு லாக்கேஸ் என்று பெயரிட்டார். பின்னர் அது பூஞ்சைகளிலும் கிடைத்தது. சரியாக 100 ஆண்டு கழித்து, 1983இல், அமெரிக்காவில் கிளென், கோல்ட் இருவரும் மரத்தை வெளுக்க வைத்து மக்கச் செய்யும் ஒரு பூஞ்சை சாயத்தையும் வெளுக்க வைப்பதைக் காட்டினார்கள். மரத்திலுள்ள லிக்னினுக்கு ஒழுங்கான அமைப்பு கிடையாது. அதை உடைக்கும் நொதிகளும் ஆள் பார்த்து அடிப்பதில்லை. சாயமும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது.

நம் தோட்டங்களில் பால்மரங்களைச் சாய்த்த வெள்ளை வேர் நோய்ப் பூஞ்சையும் இந்த வகைதான். தாத்தாவுக்கு எதிரி!

என் இறுதியாண்டு ஆய்வில், சாயம் கரைத்த நீர் சில நாளில் தெளிந்தது. பாத்தேக் பட்டறையின் நிஜக் கழிவுநீரை ஊற்றினேன், ஒன்னும் நடக்கல. சாயம் பிடிக்கப் பூசும் சோடியம் சிலிக்கேட்டால் அது கடுங்காரம்; பூஞ்சைக்கோ லேசான அமிலம் வேண்டும். பாக்டீரியா வேறு முந்திக்கொண்டது. ஆய்வுக்கட்டுரைகள் குவிந்தும் பூஞ்சை பட்டறைக்கு வரத் தயங்குவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆக்ஸிஜன் இல்லாத நீரில் பாக்டீரியா அசோ சாயத்தை உடைத்தால் நிறமற்ற அமீன்கள் மிஞ்சும். சில புற்றுநோய் தருபவை. நான் அளந்து அறிக்கையில் எழுதியது நிறத்தை மட்டும்தான்.