காசி ராஜா வெட்டிய சீமைக் கிணறு

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு குளத்தின் பெயர்: 'மச்லி போக்ரா'. இந்தியில் மச்லி என்றால் மீன், போக்ரா என்றால் குளம். காசியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இப்படி ஒரு பெயர் இருந்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். ஆனால் இந்தக் குளம் இருந்தது இங்கிலாந்தில். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், சில்டர்ன் குன்றுகளின் மேலிருக்கும் ஸ்டோக் ரோ என்ற சிற்றூரில். பக்கத்திலேயே ஒரு செர்ரித் தோப்பு, அதற்கு 'இஷ்ரீ பாக்' என்று பெயர். பாக் என்றால் தோட்டம். இஷ்ரீ யார்?

இன்று அந்த ஊரைத் தேடினால் வேறு சேதிதான் முந்திக்கொண்டு வரும். 'டைட்டானிக்' நாயகி கேட் வின்ஸ்லெட் 1998இல் தன் கல்யாண விருந்தை இங்குள்ள ஒரு பழைய பப்பில்தான் வைத்தார். அதைத் தள்ளிவிட்டு உள்ளே போனால் ஊர் நடுவில் ஒரு கிணறு. இரும்புத் தூண்கள், மேலே இந்தியச் சாயலில் கவிந்த மாடம், அதன் கீழே ராட்டினத்தின் உச்சியில் பொன்னிற யானை. ராட்டினத்தைச் செய்தது பக்கத்து வாலிங்ஃபோர்டில் இருந்த வைல்டர் பட்டறை. இது பனாரஸ் மகாராஜாவின் கொடை என்று கிணற்றிலேயே எழுதியிருக்கிறது. முதல் முடிச்சு அங்கே அவிழ்ந்தது. இஷ்ரீ வேறு யாருமல்ல, 1835 முதல் 1889 வரை காசி அரசராக இருந்த ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங். ஆங்கிலேய எழுத்தரின் காதில் ஈஸ்வரி 'இஷ்ரீ' ஆகிவிட்டார்.

காசி அரசருக்கு இந்த ஊர் எப்படித் தெரிந்தது என்பது அடுத்த முடிச்சு. அதை அவிழ்த்தது எனக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு பெயர். 1857 கிளர்ச்சிக் காலத்து ஆக்ராவைப் பற்றிப் படிப்பவர்கள் எட்வர்ட் ஆண்டர்டன் ரீடைத் தாண்டிப் போக முடியாது. அந்தச் செப்டம்பரில் லெப்டினன்ட் கவர்னர் கால்வின் ஆக்ராவில் இறந்தபோது நிர்வாகத்தைத் தற்காலிகமாக ஏற்றவர் அவர். நாவலாசிரியர் சார்ல்ஸ் ரீடின் அண்ணன். சொந்த ஊர் இப்ஸ்டன், ஸ்டோக் ரோவுக்கு அடுத்த ஊர்.

இங்கே ஊர்க் கதை ஒன்று நுழைகிறது. தன் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தை ரீட் அரசரிடம் சொன்னாராம். வீட்டில் மிஞ்சியிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு பையனைத் தாய் அடித்ததையும் சொன்னாராம். 1831இல் ஆசம்கரில் மக்களுக்காகக் கிணறு வெட்ட ரீட் உதவியிருந்தார். அதற்குக் கைம்மாறாக அரசர் இங்கே கிணறு வெட்டிக் கொடுத்தார் என்று கதை முடியும். கதை அழகாக இருந்தால் ஆவணம் பார்ப்பவனுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது.

அடிபட்ட பையனை எந்தப் பதிவேட்டிலும் பிடிக்க முடியாது. அதனால் மண்ணைச் சாட்சிக்கு அழைத்தேன். சில்டர்ன் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை நேரே கீழே இறங்கிவிடும். மேலே களிமண் மூடிய இடங்களில் மட்டும் குட்டை தேங்கும். மழை பொய்த்தால் அதுவும் சேறு. கிணற்றின் ஆழத்தைப் பாருங்கள்: 368 அடி. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் உயரமே 365 அடிதான். அந்த ஆழத்தை நாலே அடி அகலத்தில், கையாலேயே தோண்டினார்கள். தண்ணீர் அவ்வளவு கீழே இருக்கிற ஊரில் ஒரு தாய் பிள்ளையை அடித்திருப்பாள் என்று நம்ப எனக்குப் பதிவேடு வேண்டியதில்லை.

இன்னொரு சந்தேகம் அவ்வளவு லேசில் போகவில்லை. கிணறு திறந்த நாள் 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்த நாள். 1871இல் மகாராணியின் மகள் லூயிஸின் திருமணத்தை ஒட்டி ஊருக்கு நடைபாதை வந்தது, அரசர் செலவில். 1882இல் மகாராணி துப்பாக்கிச் சூட்டில் தப்பினார், ஊராருக்கு விருந்து கிடைத்தது. 1857இல் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் இந்த அரசர். தேதிகளை வரிசையாக வைத்தால் இது தர்மமா, அரசவைக் கணக்கா என்று கேட்கத் தோன்றும். போதாததற்கு 1865இல் இப்ஸ்டனுக்கும் ஒரு கிணறு வந்தது. கொடுத்தவர் ராஜா சர் தேவ் நாராயண் சிங் என்ற இன்னொரு இந்தியர். கொடையிலும் போட்டி இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் வெறும் அரசியலென்றால் கிணற்றோடு நிறுத்தியிருக்கலாமே? மகாராணியின் பிறந்த நாளுக்கு அதுவே தாராளம். இங்கே கிணற்றைப் பார்த்துக்கொள்பவருக்கு வீடு இருந்தது. பராமரிப்புச் செலவுக்குச் செர்ரித் தோப்பு இருந்தது, பழம் விற்ற காசு கிணற்றுக்கு. தோப்பில் மீன் வடிவக் குளம், மீன் காசி அரச குடும்பத்தின் சின்னம். தண்ணீர் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. கிணறு, குளம், தோப்பு, காவலாளி, செலவுக்கு நிலம். நம் நாட்டில் சத்திரத்துக்கும் கோயில் விளக்குக்கும் எழுதிவைத்த அதே ஏற்பாடு. செர்ரி மட்டும்தான் சீமைச் சரக்கு. அரசவைக் கணக்கு இருந்தது உண்மை, ஆனால் அதை எழுதிய கை தர்மக் கணக்கு எழுதிப் பழகிய கை.

ஒரு வாளி மேலே வரக் கிட்டத்தட்ட பத்து நிமிஷம். குழாய்த் தண்ணீர் வந்து கிணறு ஓய்வெடுக்கும்வரை, எழுபது வருஷத்துக்கு மேல், ஊர் இப்படித்தான் குடித்தது.

1964 ஏப்ரலில் கிணற்றுக்கு நூற்றாண்டு விழா. எலிசபெத் ராணியின் கணவர் ஃபிலிப் வந்திருந்தார். காசியிலிருந்து கொண்டுவந்த கங்கை நீரை அந்தக் கிணற்று நீரோடு கலந்தார்கள்.