கடலிலிருந்து மீட்பது

திண்டிவனத்தில் கிடங்கல் என்று ஒரு பகுதி இருக்கிறது. வங்கியில் வாடிக்கையாளர் முகவரியாக நான் அன்றாடம் எழுதுகிற பெயர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் இதுதான் என்பதும், பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை அவனைப் பாடியது என்பதும் நம்மில் பலருக்குத் தெரிந்த விஷயம். அவனிடம் பரிசில் வேண்டிப் போகிற பாணன் வழியில் எயிற்பட்டினத்தைக் கடக்கிறான். அது திண்டிவனத்துக்குக் கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள மரக்காணம்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. பெரிப்ளுஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் சோபட்மாவையும் இங்கேதான் வைக்கிறார்கள்.

எயிற்பட்டினத்தில் பாணன் காண்பது என்ன? அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமரங்கள் கரையில், உறங்கும் ஒட்டகங்களைப்போலக் கிடக்கின்றன. பரதவர் வீடுகளில் அவைதான் விறகு. நுளையர் மகள் வடித்த பழந்தேறலும் சுட்ட குழல்மீனும் பாணனுக்குக் கிடைக்கின்றன. மணமரம் மரக்காணத்து மணலில் விளைவதல்ல. ஒட்டகமும் இந்த ஊர்ப் பிராணியல்ல. எங்கோ நடுக்கடலில் உடைந்த கலத்தின் சரக்கு இப்படிக் கரை சேர்ந்திருக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரோ ஒரு வணிகனின் முதல் முழுவதும் இங்கே அடுப்பில் எரிகிறது. நத்தத்தனார் இதற்காக வியக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. கடல் கொடுத்ததைக் கரையில் இருப்பவர்கள் உபயோகித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் காலத்தில் கடலடியிலிருந்து எடுக்கப்படும் பொருட்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த விறகு நினைவுக்கு வருகிறது. நமக்கு அந்தச் சாதாரணத்தனம் போய்விட்டது. கடலடியில் இருப்பது ஒன்று புதையலாக இருக்கவேண்டும், அல்லது பெருமையாக இருக்கவேண்டும். இரண்டுமில்லாத பொருள் கிடைத்தால் அதைப் பார்க்கவே நமக்குத் தெரிவதில்லை. இதற்கு உதாரணம் பூம்புகார்.

கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1981இல் கடல் அகழாய்வைத் தொடங்கியது. லோத்தலை அகழ்ந்த எஸ்.ஆர். ராவ் இதற்குத் தலைமை தாங்கினார். தமிழ்நாடு தொல்லியல் துறையுடன் சேர்ந்து பூம்புகார்க் கடலை ஆராயத் தொடங்கியதும் அப்போதுதான். ஒலியலைகளை அனுப்பிக் கடலின் தரையைப் படமாக்குவது, சந்தேகப்பட்ட இடத்தில் மூழ்காளர்கள் இறங்கிப் பார்ப்பது என்று வேலை நடந்தது. எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்றுதான்: மணிமேகலை சொன்னபடி கடல்கொண்ட காவிரிப்பூம்பட்டினம். 1991இல் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு தெரிந்தது. பத்து வருஷம் கழித்து கிரஹாம் ஹான்காக் என்ற ஆங்கில எழுத்தாளர் வந்து மூழ்கிப் பார்த்துவிட்டு, இது பனியுக முடிவில் மூழ்கிய நாகரிகம், பதினோராயிரம் வருஷம் பழையது என்று எழுதினார். அதை மனிதர்கள் கட்டினார்களா, இயற்கையாக அமைந்ததா என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நம் மேடைகளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? குமரிக்கண்டத்துக்குச் சாட்சி சொல்ல ஆங்கிலேயனே வந்துவிட்டான்.

இதே கடலில், 19 மீட்டர் ஆழத்தில், உடைந்து கிடந்த ஒரு கப்பலையும் அந்த மூழ்காளர்கள் கண்டார்கள். அதிலிருந்து ஈயக்கட்டிகளை எடுத்துவந்தார்கள். அவற்றின்மேல் எழுத்துப் பொறிப்பு இருந்தது: ‘டபிள்யூ பிளாக்கெட்’. கூடவே ஆண்டு: 1791, 1792.

கரிகாலனைத் தேடிப்போனோம், பிளாக்கெட் கிடைத்தார். நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. ‘இதுக்காகவா இத்தனை செலவு?’ என்றார்.

எனக்கென்னவோ அந்த ஈயக்கட்டி லாட வடிவத்தைவிட முக்கியமாகப் படுகிறது. அது பேசுகிறது. பெயர் சொல்கிறது, தேதி சொல்கிறது. பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்தின் மலைகளில் ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்த குடும்பத்தின் பெயர். அங்கே யாரோ சுரங்கத்துக்குள் இறங்கி வெட்டினான். யாரோ உருக்கி வார்த்து முத்திரை குத்தினான். ஈயத்துக்கு அன்று பல உபயோகம்: குழாய், கூரைத் தகடு, தேயிலைப் பெட்டியின் உட்தகடு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் துப்பாக்கிக் குண்டு. அந்த இரண்டு ஆண்டுகளில் காரன்வாலிஸ் திப்புவோடு போர் நடத்திக்கொண்டிருந்தார். பூம்புகாருக்குச் சற்றுத் தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்தது. 1845 வரை அது அவர்களுடையதுதான். இந்தக் கரை யார் யாருடைய கணக்குப் புத்தகங்களில் வரவு வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சி அந்தக் கட்டி. நம்முடைய சரித்திரம் அது. பெருமைப்பட முடியாதது என்பதால் நம்முடையதல்ல என்று ஆகிவிடாது.

பழைய பட்டினத்துக்குச் சாட்சி இல்லாமல் போகவும் இல்லை. அது கரையிலேயே இருக்கிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. படகைக் கட்டுகிற மரக்கம்பம்கூட இருந்தது. கரிமக் கணக்கின்படி கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. பக்கத்தில் பல்லவனீச்சரத்தில் புத்த விகாரம். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துபோய்ப் பார்க்கலாம். கடலுக்கடியில் இல்லாததால்தானோ என்னவோ, அதைப்பற்றி யாரும் ஆவேசப்படுவதில்லை.

மணிமேகலையை இந்த இடத்தில் சரியாகப் படிக்கவேண்டும். பட்டினம் ஏன் கடலில் மூழ்கியது என்று கேட்டால், இந்திரவிழாவை மறந்ததால் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். விழாவை ஏன் மறந்தான்? நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டுப் பீலிவளைக்கும் பிறந்த குழந்தை, கம்பளச் செட்டி என்ற வணிகனின் கலத்தில் அப்பனிடம் அனுப்பப்படுகிறது. கலம் இரவில் உடைகிறது. குழந்தையைக் காணோம். அரசன் கடலோரமெல்லாம் தேடி அலைகிறான். அந்தத் துக்கத்தில் விழா மறந்துபோகிறது, ஊர் போகிறது. பெரிய அழிவுக்குப் பின்னால் சாத்தனார் வைத்திருப்பது ஒரு சிறிய கப்பல் விபத்து. கடலில் இழந்த ஒன்றைத் தேடித்தேடி, நிற்கிற ஊரை மறந்த ஒருவன். நாம் மூழ்கிய நகரத்தைப் பிடித்துக்கொண்டோம், உடைந்த கலத்தை விட்டுவிட்டோம்.

பெருமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் விலை. இதில் எனக்குக் கொஞ்சம் தொழில் அனுபவம் உண்டு. நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் அழுக்குக்கும் கழித்து எடை சொல்வார். மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு கட்டத்தில் நான் எழுதுவேன். யாருடைய கல்யாணத்துக்குச் செய்தது, எத்தனை தடவை அடகுக்கு வந்துபோனது என்பதற்கெல்லாம் படிவத்தில் இடமில்லை. கடலைப் பொறுத்தவரையிலும் இந்தப் படிவம்தான் பெரும்பாலும் செல்லுபடியாகிறது. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டமும் மண்ணில் மறைந்து கிடக்கிற, ஏதாவது மதிப்புள்ள பொருள் என்றுதான் புதையலை வரையறுக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்லவேண்டும்.

1942 நவம்பரில் ‘சிட்டி ஆஃப் கெய்ரோ’ என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தென் அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. பம்பாயிலிருந்து புறப்பட்ட அதில் 100 டன் வெள்ளி நாணயங்கள் இருந்தன. பிரிட்டிஷ் கஜானாவுக்குச் சேரவேண்டியவை. எல்லாமே முழு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு ரூபாய் 11.66 கிராம் வீதம், எண்பத்தைந்து லட்சத்துக்கு மேல் ஆகிறது. காஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இந்தக் கணக்கு வயிற்றைப் பிசையும். அத்தனையும் இந்தக் கைகளில் புழங்கிய காசு: சந்தையில், உப்பளத்தில், கந்துவட்டியில், மொய்யில். 5,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து 2013 வரை அவற்றில் பல டன்களை எடுத்தார்கள். எடுத்து உருக்கி விற்றார்கள். நிகர எடை.

‘கெய்ர்சோப்பா’வின் கதை இன்னும் துலக்கமானது. நம் மேற்குமலை அருவியூரின் பெயர் தாங்கிய கப்பல். 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து தேயிலையும் இரும்பும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே குண்டுபட்டு மூழ்கியது. பிழைத்தவர் ஒரே ஒருவர். ஊழியர்களில் பெரும்பான்மையோர் லஸ்கார்கள் எனப்பட்ட இந்தியக் கப்பலாட்கள். 2012இலும் 2013இலும் ஓர் அமெரிக்கக் கம்பெனி 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து சுமார் 110 டன் வெள்ளிப் பாளங்களை எடுத்தது. பிரிட்டிஷ் அரசோடு ஒப்பந்தம்: கம்பெனிக்கு நூற்றுக்கு எண்பது. வெள்ளிக்கு நடுவே ஒரு தபால் குவியலும் வந்தது. வெளிச்சமும் பிராணவாயுவும் அற்ற அந்த ஆழத்தில் 717 கடிதங்கள் எழுபது வருஷமாக அழியாமல் இருந்திருக்கின்றன. இந்தியாவிலிருந்து சிப்பாய்களும் பாதிரிமார்களும் காதலர்களும் கடைக்காரர்களும் எழுதியவை. 2018இல் லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் அவற்றில் சிலவற்றை வைத்தார்கள். வெள்ளியை எடுக்க எத்தனை கோடி செலவானாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கடிதங்களுக்காக மட்டும் யாராவது அந்த ஆழத்துக்கு இறங்கியிருப்பார்களா? இறங்கியிருக்கமாட்டார்கள். இருந்தும் அந்தக் கப்பலில் மீட்கப்பட்டது எது என்று என்னைக் கேட்டால் கடிதங்கள் என்றுதான் சொல்வேன். வெள்ளி வெறும் எடை. அது எந்தக் கப்பலில் கிடந்தாலும் அதே வெள்ளிதான்.

பொருள் எங்கே, எதன் பக்கத்தில், எப்படிக் கிடந்தது என்பதில்தான் அதன் அர்த்தத்தில் பாதி இருக்கிறது. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலில் சுமார் 60,000 சீனப் பீங்கான்கள் இருந்தன. 2005இல் சிங்கப்பூர் அவற்றைப் பெருந்தொகைக்கு வாங்கியது. 2011இல் வாஷிங்டனின் ஸ்மித்ஸோனியன் தான் நடத்தவிருந்த கண்காட்சியைக் கைவிட்டது. வியாபாரிகள் அவசர அவசரமாக அள்ளியதில் கப்பல் சொல்லக்கூடிய கதை சிதைந்துவிட்டது என்பது தொல்லியலாளர்களின் ஆட்சேபம். 2001ஆம் வருஷத்து யுனெஸ்கோ உடன்படிக்கை, நூறு வருஷத்துக்குமேல் நீருக்கடியில் கிடப்பதை வியாபாரமாக்கக் கூடாது, முடிந்தவரை கிடந்த இடத்திலேயே விட்டுவைப்பதை முதலில் யோசிக்கவேண்டும் என்கிறது. மேலே சொன்ன இரண்டு கப்பல்களுக்கும் வயது போதாததால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதையெல்லாம் ஓர் இலக்கியப் பத்திரிகையில் ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கலாம். நாம் பழைய கவிதைகளோடு செய்வது இதுதான் என்பதால் எழுதுகிறேன். ஒரு கூட்டம் சங்கப்பாட்டை உருக்கி அறம், வீரம், பண்பாடு என்று பாளம் வார்க்கிறது. பாட்டு போய்விடுகிறது, எடை மிஞ்சுகிறது. இன்னொரு கூட்டம் அதன் வயதைக் கூட்டிக்கொண்டே போகிறது. இவர்களுக்குப் பாட்டே தேவையில்லை, தேதி போதும். புதுக்கவிதைக்காரர்களாகிய நாமும் யோக்கியர்களல்ல. ஒரு படிமத்தைப் பிடுங்கிவந்து, பார், அன்றே நவீனம் என்று காட்டுகிறோம். அது எதன் பக்கத்தில் கிடந்தது என்று பார்ப்பதில்லை. உறங்கும் ஒட்டகம் என்ற உவமையை மட்டும் எடுத்து மெச்சலாம். அடுப்பும், தேறலும், பசியோடு வந்த பாணனும் பக்கத்தில் இருந்தால்தான் அது நத்தத்தனாருடையது.

சென்ற வருஷம் மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் அடகு வைக்க வந்தாள். ஒரு ஜோடி கம்மல், தேய்ந்தது. எடையைச் சொன்னேன், தொகையைச் சொன்னேன். இரண்டையும் பற்றி அவள் கேட்கவில்லை. ‘மூட்டும்போது இதேதான குடுப்பீங்க சார்? வேற குடுத்துற மாட்டீங்களே?’ என்றாள். இதேதான் அம்மா, உறையில் போட்டுப் பெயர் எழுதி வைப்போம் என்றேன். அவள் எதிரிலேயே உறையை ஒட்டச் சொல்லி நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.